டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளுக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

டெக்சாஸுக்குக் குடிவந்த புதிதில் பலருக்கும் ஓர் ஆச்சரியம் இருக்கும். இவ்வளவு பெரிய மாநிலம், நெடுஞ்சாலையில் போனால் ஆறும் குன்றும் புல்வெளியும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடக்க இடம் கிடைப்பதில்லை. இரண்டு பக்கமும் கம்பிவேலி. டெக்சாஸ் நிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியார் சொத்து என்பதுதான் காரணம். மரத்திலோ வேலிக் கம்பத்திலோ ஊதா நிறத்தில் பெயின்ட் கோடு போட்டிருந்தால் உள்ளே நுழையாதே என்று அர்த்தம். எழுத்தில் பலகை இல்லாவிட்டாலும் அது சட்டப்படி செல்லும். ஊரில் ஆற்றங்கரையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவதுபோல இங்கே இறங்காதீர்கள்.

ஆகவே வெளியில் நடக்க, நீந்த, மீன்பிடிக்க, கூடாரம் போட்டுத் தூங்க நமக்கு முதலில் கிடைப்பது ஸ்டேட் பார்க்குகள்தான். எண்பதுக்கு மேல் இருக்கின்றன. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் என்ற மாநிலத் துறை அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. சதுப்புநிலம், கருங்கல் குன்று, பாலைவனம், கடற்கரை என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பார்த்த அளவில் சொல்கிறேன்: இங்கே ஒரு பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் காரைக் கிளப்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த மாதம் போகிறீர்கள், முன்பதிவு செய்தீர்களா என்ற இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த பார்க் யாருடையது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மத்திய அரசின் நேஷனல் பார்க் வேறு, மாநிலத்தின் ஸ்டேட் பார்க் வேறு. கிராண்ட் கேன்யனுக்குப் போனபோது வாங்கிய நேஷனல் பார்க் ஆண்டு அட்டையைக் காட்டினால் ஸ்டேட் பார்க் வாசலில் செல்லாது. ஸ்டேட் பார்க் ஆண்டு அட்டை நேஷனல் பார்க்கிலும் செல்லாது. மேற்கு டெக்சாஸில் இது நிஜமாகவே தலைவலி தரும். பிக் பெண்ட் நேஷனல் பார்க் என்று ஒன்று, அதன் பக்கத்திலேயே பிக் பெண்ட் ராஞ்ச் ஸ்டேட் பார்க் என்று இன்னொன்று. இரண்டும் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டியவை, ஆனால் நிர்வாகம், கட்டணம், முன்பதிவு மூன்றும் தனித்தனி. அறை ஒன்றில், டிக்கெட் இன்னொன்றில் என்று போட்டுவிட்டு ஒன்பது பத்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். இவை போதாதென்று நகராட்சிப் பூங்காக்கள், ராணுவப் பொறியாளர் துறையின் ஏரிப் பூங்காக்கள் என்றும் உண்டு. மேப்பில் தேடும்போது பெயரில் 'ஸ்டேட் பார்க்' அல்லது 'ஸ்டேட் நேச்சுரல் ஏரியா' என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். ஜூன் மாதம் பள்ளி விடுமுறை விடுகிறார்கள். அதே சமயம் ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வருகிறார்கள். சரி, எல்லோரையும் கூட்டிக்கொண்டு மலையேறப் போகலாம் என்று ஜூலை சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புகிறோம். டெக்சாஸில் இதைவிட மோசமான திட்டம் கிடையாது.

"சென்னை வெயிலையே பார்த்தவர்கள் நாங்கள்" என்று சொல்வார்கள். சென்னையில் வெயிலில் நடந்தால் பத்து நிமிடத்தில் ஒரு கடை வரும், ஒரு மரம் வரும், ஓர் ஆட்டோ வரும். இங்கே டிரெயிலில், அதாவது பார்க்குக்குள் இருக்கும் நடைபாதையில், எதுவும் வராது. ஹில் கன்ட்ரி என்கிற மத்திய டெக்சாஸிலும் மேற்கிலும் காற்று வறண்டது. வியர்ப்பது தெரியாமலே உடம்பில் தண்ணீர் போய்விடும். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் நாளில் கருங்கல் பாறையின் மேற்பரப்பு காற்றைவிட இன்னும் சூடாக இருக்கும். கோடையில் ரேஞ்சர்கள் ஓடிப்போய்க் காப்பாற்றுவது பெரும்பாலும் பாம்பு கடித்தவர்களை அல்ல, தண்ணீர் இல்லாமல் மயங்கியவர்களைத்தான்.

நடப்பதற்கு நல்ல காலம் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறை, ஜனவரியில் வரும் மார்ட்டின் லூதர் கிங் நாள் வார இறுதி எல்லாம் அருமையான நாட்கள். பகலில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும்.  மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை புளூபானெட் பூக்கும் காலம். மாநில மலர் என்பதால் அப்போது ஊரே கேமராவோடு கிளம்பிவிடும். மார்ச் நடுவில் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஸ்பிரிங் பிரேக் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

குளிர்காலத்துக்கும் ஒரு குறை உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஹில் கன்ட்ரியில் 'மவுன்டன் சீடர்' மரங்களின் மகரந்தம் பறக்கும். கண் எரிச்சல், மூக்கடைப்பு, தலைவலி என்று ஒரு வாரம் படுத்தும். அதை 'சீடர் ஃபீவர்' என்கிறார்கள். வந்த முதல் வருடம் பலருக்கு ஒன்றும் ஆகாது, அப்புறம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வாமை இருப்பவர்கள் மாத்திரையோடு போவது நல்லது.

கோடையில்தான் போக முடியும் என்றால்? தண்ணீர் இருக்கும் பார்க்காகப் பாருங்கள், காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்து பதினொன்றுக்கு வெளியே வந்துவிடுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் மட்டும் போகும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். பெற்றோரோடு போக அப்படி ஓர் இடம் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கிறது. ஓல்ட் டனல் ஸ்டேட் பார்க். பதினாறு ஏக்கர்தான், மாநிலத்திலேயே சிறிய ஸ்டேட் பார்க். ரயில் ஓடாமல் கைவிட்ட பழைய சுரங்கப்பாதையில் வௌவால்கள் குடியிருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை, அதிகபட்சம் முப்பது லட்சம் வௌவால்கள் வரை இருக்குமாம். இருட்டும் நேரத்தில் சுழன்று சுழன்று வெளியே கிளம்பும். உட்கார்ந்து பார்த்தால் போதும், ஏற வேண்டியதில்லை. அந்தப் பக்கம் மே, ஜூன், ஜூலையில் பீச் பழம் சாலையோரக் கடைகளில் கிடைக்கும். மாலைப் பயணத்துக்கு வேறென்ன வேண்டும்.

முன்பதிவும் கட்டணமும்

காரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் போகிறவர்கள்தான் அதிகமாகத் திரும்பி வருகிறார்கள். ஒவ்வொரு பார்க்குக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கார் என்று வரம்பு உண்டு. நிறைந்துவிட்டால் வாசலை மூடிவிடுவார்கள். நல்ல பருவத்துச் சனி, ஞாயிறுகளில் என்சான்டட் ராக், பெடர்னாலஸ் ஃபால்ஸ், கார்னர் போன்றவை காலையிலேயே நிறைந்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்குங்கள். பகலில் போய்வர மட்டும் 'டே பாஸ்' எடுக்க வேண்டும். இது ஒரு மாதத்துக்கு முன்பிருந்து கிடைக்கும். இரவு தங்குவதற்கு முகாம் இடமோ கேபினோ வேண்டுமானால் ஐந்து மாதத்துக்கு முன்பிருந்தே பதிவு தொடங்கிவிடும். நவம்பரில் தங்க நினைத்தால் ஜூனிலேயே உட்கார வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடும் அதே ஒழுங்கு இதற்கும் வேண்டியிருக்கிறது.

கட்டணம் பெரிதில்லை. பெரும்பாலான பார்க்குகளில் பெரியவர் ஒருவருக்கு மூன்று முதல் எட்டு டாலர் வரை. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ஆண்டு அட்டை 70 டாலர். அட்டைக்காரரும் அதே காரில் வருகிறவர்களும் நுழைவுக் கட்டணம் இல்லாமல் போகலாம். கணக்குப் பாருங்கள்: நீங்கள் இருவர், ஊரிலிருந்து வந்த பெற்றோர் இருவர், தலைக்கு எட்டு டாலர் என்றால் ஒரு தடவைக்கு 32. மூன்றாவது பயணத்தில் அட்டைக் காசு திரும்பிவிடும். வருடத்துக்கு ஒருமுறைதான் போவேன் என்பவர்களுக்கு அட்டை தேவையில்லை. அட்டை வாங்கிவிட்டால் முன்பதிவு வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கட்டணம்தான் கிடையாது, அன்றைய இடத்தை நீங்கள் பதிவு செய்துதான் ஆக வேண்டும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அது டெக்சாஸில் வசிப்பவர்களுக்கானது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு அது பொருந்தாது. அவர்களை உங்கள் ஆண்டு அட்டையில் கூட்டிப்போவதே எளிது.

பதிவு செய்யும்போது அந்த பார்க்கின் பக்கத்தில் மேலே இருக்கும் அறிவிப்பையும் படியுங்கள். குளிர்காலத்தில் சில பார்க்குகளை மான், காட்டுப்பன்றி வேட்டைக்காகச் சில நாட்கள் பொதுமக்களுக்கு மூடிவிடுவார்கள். நம்ப முடியாவிட்டாலும் உண்மை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த அரசே அனுமதிச் சீட்டு கொடுத்து நடத்தும் வேட்டை அது. ஆறு பெருகினால், தீ அபாயம் இருந்தால், டிரெயில் பழுதானால், அந்தச் செய்தியும் அங்கேதான் வரும். கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் தடவை எங்கே போகலாம்

டெக்சாஸின் தூரங்களை மதியுங்கள். டல்லாஸிலிருந்து பாலோ டூரோ கேன்யன் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அழகான இடம்தான், அமெரிக்காவின் இரண்டாவது பெரிய கேன்யன் என்று சொல்வார்கள். ஆனால் முதல் பயணத்துக்கு வேண்டாம். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பதில் ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஹூஸ்டன்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பிரஸோஸ் பெண்ட். நகரத்திலிருந்து ஒரு மணி நேரம். பேர்லண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகிறவர்கள் காலையில் தரிசனம், மதியம் இங்கே என்று ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர், முழுக்கச் சமதளம், ஏரிகளைச் சுற்றி நடைபாதை. பாசி தொங்கும் ஓக் மரங்கள், கொக்கு, நாரை, அப்புறம் முதலைகள். கூண்டு கிடையாது, வேலியும் கிடையாது. எல்ம் லேக் ஓரத்திலோ ஃபார்ட்டி ஏக்கர் லேக் ஓரத்திலோ நடந்தால் கரையில் வெயில் காய்ந்துகொண்டு கிடக்கும். முப்பது அடி தூரம் விட்டு நில்லுங்கள், தீனி எதுவும் போடாதீர்கள் என்பது விதி. மனிதன் கையால் தின்று பழகிய முதலை மனிதனைத் தேடி வரும், பிறகு அதைக் கொல்ல வேண்டியதாகிவிடும். குழந்தைகளைத் தண்ணீர் ஓரத்தில் ஓட விடாதீர்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு கிரீக்ஃபீல்ட் ஏரியைச் சுற்றி அரை மைல் தளம் போட்ட பாதை இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும். உள்ளேயே ஜார்ஜ் அப்சர்வேட்டரி என்ற வானோக்ககம் உண்டு. சனிக்கிழமை இரவுகளில் தனி டிக்கெட் எடுத்துத் தொலைநோக்கியில் பார்க்கலாம்.

ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் இடம் என்சான்டட் ராக். ஃபிரெட்ரிக்ஸ்பர்க்குக்கு வடக்கே 17 மைல். தரையிலிருந்து 425 அடி எழும் ஒரே கருங்கல் குன்று, இளஞ்சிவப்பு நிறம், வயது ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுகள். மொட்டைப் பாறையில் காலூன்றி ஏறிப் பழக்கப்பட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடித்துப்போகும். உச்சிக்கான பாதை ஒரு மைலுக்கும் குறைவு. எட்டு வயதுப் பிள்ளை சாதாரணமாக ஏறிவிடும். முட்டிவலி இருப்பவர்களுக்கு ஏறுவது பிரச்சினையில்லை, இறங்குவதுதான் கஷ்டம். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம். உச்சியில் பள்ளங்களில் மழைநீர் தேங்கியிருக்கும். அழுக்குக் குட்டை போலத் தெரியும். அதில் நகத்தைவிடச் சிறிய இறால் இனம் ஒன்று வாழ்கிறது. குட்டை வறண்டாலும் அதன் முட்டைகள் மண்ணில் காத்திருந்து அடுத்த மழையில் பொரியும். அதில் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளைக் கல் எறிய விடாதீர்கள். நாயை உச்சிக்குக் கூட்டிப்போக அனுமதி இல்லை.

என்சான்டட் ராக்கில் இடம் கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். இங்க்ஸ் லேக் அதே மாதிரி இளஞ்சிவப்புப் பாறையும் ஏரியும் சேர்ந்தது. ஆஸ்டின் நகரத்துக்குள்ளேயே மெக்கின்னி ஃபால்ஸ் இருக்கிறது. வேலை முடிந்து சாயங்காலம்கூடப் போகலாம்.

டல்லாஸ், ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு கிளென் ரோஸில் உள்ள டைனோசர் வேலி. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பலக்ஸி ஆற்றின் படுகையில் ஏறக்குறைய 11 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த டைனோசர்களின் காலடித் தடங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மூன்று விரல் தடம் ஊனுண்ணி, யானைக்கால் போலப் பெரிய குழி தாவர உண்ணி. இதே ஆற்றிலிருந்து வெட்டி எடுத்த தடங்களின் ஒரு பகுதி நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் மேலே சொன்ன பருவக் கணக்கு இங்கே மட்டும் தலைகீழ். ஆற்றில் தண்ணீர் வற்றினால்தான் தடம் தெரியும், அது பெரும்பாலும் கோடைக் கடைசியில். மற்ற மாதங்களில் போவதானால் அலுவலகத்தில் போன் செய்து தடம் தெரிகிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆற்றில் இறங்க ரப்பர் செருப்பு அல்லது பழைய ஷூ எடுத்துக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும். வாசலுக்கு அருகே இரண்டு பெரிய ஃபைபர்கிளாஸ் டைனோசர்கள் நிற்கின்றன. 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தவை. தடம் தெரியாத நாளிலும் பிள்ளைகள் அழாமல் திரும்புவது அவற்றால்தான்.

பழகிய பிறகு தூரமான இடங்களுக்குப் போகலாம். இலையுதிர் நிறம் பார்க்க லாஸ்ட் மேப்பிள்ஸ், அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுவரை. மேற்கே பால்மொரியாவில் ஊற்றுநீர்க் குளம். 1930-களில் வேலையில்லா இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தில் கட்டியது. பாலைவனத்தின் நடுவில், வருடம் முழுதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், மீன்களோடு நீந்தலாம்.

என்ன எடுத்துப்போவது

தண்ணீர். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அளவைக் குறைத்தே எடுத்துப்போகிறோம். ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்பது குறைந்தபட்சம். வெயிலில் ஏறினால் அதற்கு இருமடங்கு. காரில் இன்னொரு கேன் இருக்கட்டும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்புக் குறையும். நம் மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் இரண்டும் இதற்கு நல்ல துணை.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். செருப்பிலும் ஃபிளிப் ஃபிளாப்பிலும் டிரெயில் நடக்காதீர்கள். விலையுயர்ந்த ஹைக்கிங் பூட்ஸ் தேவையில்லை, பிடிப்புள்ள ஓட்ட ஷூ போதும். புடவையில் வரும் அம்மாக்கள் சமதளப் பாதையில் தாராளமாக நடக்கலாம், பாறை ஏறுவதற்கு சுடிதார் வசதி.

சாப்பாட்டுக்கு நம் கட்டுச்சோறே சிறந்தது. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம் எல்லாம் மதியம் வரை தாங்கும். தயிர் சாதத்தைக் கூலரில் ஐஸோடு வையுங்கள். அநேகமாக எல்லா பார்க்கிலும் மேசையும் கரி அடுப்பும் இருக்கும். மசாலா தடவிய கோழியோ பனீரோ ஜிப்லாக் பையில் எடுத்துப்போனால் அங்கேயே சுட்டுக்கொள்ளலாம். மழையில்லாத மாதங்களில் 'பர்ன் பேன்' என்று நெருப்புக்குத் தடை விதிப்பார்கள். அப்போது விறகு கூடாது, சில சமயம் கரியும் கூடாது, கேஸ் ஸ்டவ்வுக்கு மட்டும் அனுமதி இருக்கலாம். அலுவலகத்தில் கேளுங்கள். காட்டில் விழுந்து கிடக்கும் கட்டையைப் பொறுக்கி எரிப்பது எப்போதுமே தடை. விறகு அங்கேயே விலைக்குக் கிடைக்கும்.

போன் சிக்னலை நம்ப வேண்டாம். டே பாஸையும் டிரெயில் வரைபடத்தையும் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேப்பை ஆஃப்லைனில் சேமியுங்கள். மேற்கே போனால் பெட்ரோல் பாதி ஆகும்போதே நிரப்பிவிடுங்கள். இன்னொன்று, பெற்றோரோடு போகிறவர்களுக்கு: கழிவறையில் காகிதம்தான் இருக்கும். காலி பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் யாரும் சங்கடப்பட வேண்டாம்.

உள்ளே நுழைந்த பிறகு

வாசல் அலுவலகத்தில் பெயரைச் சொன்னால் கார் கண்ணாடியில் வைக்க ஒரு சீட்டு தருவார்கள். அங்கே இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்று எந்த டிரெயில் நல்லது, எங்கே தண்ணீர் பிடிக்கலாம். இணையத்தில் ஒரு மணி நேரம் தேடிக் கிடைப்பதைவிட நல்ல பதில் கிடைக்கும். ரேஞ்சர் நடத்தும் நடைகள், குழந்தைகள் நிகழ்ச்சிகள் இருந்தால் அதையும் சொல்வார்கள்.

விதிகள் சில நமக்குப் புதிதாக இருக்கும். பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. நாய்க்கு ஆறடிக்கு மேல் நீளாத கயிறு வேண்டும். டிரோன் பெரும்பாலும் கூடாது. கல், பூ, எலும்பு, அம்புமுனை எதையும் எடுத்துவரக் கூடாது. புளூபானெட் செடிகளின் நடுவில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. ஏற்கெனவே மிதிபட்ட இடமாகப் பார்த்து உட்காருங்கள், பூவைப் பறிக்காதீர்கள். பாட்டு ஸ்பீக்கரையும் வீட்டிலேயே விடலாம். பத்துக் குடும்பம் சேர்ந்து போகும்போது நம் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, பக்கத்து மேசைக்குக் கேட்கிறது.

மீன்பிடிக்க ஆசையா? ஸ்டேட் பார்க் கரையிலிருந்தோ மேடையிலிருந்தோ பிடிப்பதற்கு லைசென்ஸ் வேண்டாம். தூண்டிலை இரவல் தரும் பார்க்குகளும் உண்டு. எத்தனை மீன், எந்த அளவு என்ற வரம்பு மட்டும் பொருந்தும்.

தண்ணீர் என்றால் பயம் இருக்கட்டும்

இந்த ஒரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டேட் பார்க் நீர்நிலைகளில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த ஆறு, சிரித்துக்கொண்டு நீந்தும் கூட்டம், இரண்டையும் பார்த்து நீச்சல் தெரியாதவர்களும் இறங்கிவிடுகிறார்கள். இரண்டடி ஆழம் அடுத்த அடியில் பத்தடி ஆகும். அபார்ட்மென்ட் குளத்தில் கால் உதைத்துப் பழகியது ஆற்றில் உதவாது. நீச்சல் தெரியாதவர் யாராக இருந்தாலும், முப்பது வயது ஆணாக இருந்தாலும், லைஃப் ஜாக்கெட் போடட்டும். ஒருவர் தத்தளித்தால் நீச்சல் தெரியாத இன்னொருவர் குதிக்கக் கூடாது. கயிறு, கூலர் மூடி, மிதக்கும் எதையாவது எறியுங்கள். கால்வெஸ்டன் போன்ற கடற்கரைகளில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. கொடியின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இரண்டாவது, திடீர் வெள்ளம். ஹில் கன்ட்ரியில் சுண்ணாம்புப் பாறையின் மேல் மண் மெல்லியதாக இருக்கிறது. பெய்யும் மழையை அது பிடித்துவைக்காது, அப்படியே ஆற்றுக்கு அனுப்பிவிடும். இருபது மைல் தள்ளிப் பெய்த மழை, வெயிலடிக்கும் உங்கள் இடத்துக்குச் சில நிமிடங்களில் வந்து சேரும். 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு அப்படித்தான் பெருகியது, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெடர்னாலஸ் ஃபால்ஸில் சைரன் ஊதினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். தண்ணீர் கலங்கி, குப்பையும் இலையும் மிதந்து வர ஆரம்பித்தாலும் அதே அர்த்தம்தான். சாலையில் தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று காரை இறக்கிப் பார்க்காதீர்கள். ஓரடி தண்ணீர் சிறிய காரைத் தூக்கிவிடும்.

பாம்பு, எறும்பு, மூன்று இலை

வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது பாம்பு இருக்குமா என்பதைத்தான். இருக்கும். ராட்டில்ஸ்நேக், காப்பர்ஹெட், நீரோரங்களில் காட்டன்மவுத். பாதையை விட்டு விலகாமல், கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து நடந்தால் போதும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 911-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

உண்மையில் உங்களைத் தொந்தரவு செய்யப் போவது செவ்வெறும்புதான். புல்லில் புட்டு உதிர்த்ததுபோல மண்மேடு தெரிந்தால் அதன் பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள். கடித்த இடம் மறுநாள் சீழ்க்கொப்புளமாகும், சொறியாமல் விட்டால் ஆறிவிடும். ஒரு காம்பில் மூன்று இலை உள்ள பாய்ஸன் ஐவி கொடியைத் தொட்டால் வாரக்கணக்கில் அரிப்பு. பட்டுவிட்டதாகத் தோன்றினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உயரமான புல்லில் நடந்து வந்தால் இரவு குளிக்கும்போது உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகளின் உடம்பில் தேடுங்கள்.

இரவு தங்க ஆசை வந்தால்

இரண்டு மூன்று பகல் பயணம் முடிந்ததும் டென்ட் ஆசை வரும். உடனே கடைக்குப் போய் முந்நூறு டாலருக்குச் சாமான் வாங்காதீர்கள். துறையே 'டெக்சாஸ் அவுட்டோர் ஃபேமிலி' என்று புதியவர்களுக்கான நிகழ்ச்சி நடத்துகிறது. டென்ட், அடுப்பு எல்லாம் அவர்களே தருவார்கள். கூடாரம் கட்டுவதும் நெருப்பு மூட்டுவதும் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் சாப்பாடும் போர்வையும் கொண்டுபோனால் போதும். முகாம் வாழ்க்கை உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்று அதில் தெரிந்துவிடும். தரையில் படுக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் 'ஸ்கிரீன்டு ஷெல்ட்டர்' தேடுங்கள். கூரையும் கொசுவலைச் சுவரும் உள்ள சிறு கொட்டகை. கட்டில் இருக்காது, மடக்குக் கட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். கேபின் அதைவிட வசதி, ஆனால் ஐந்து மாத வரிசையில் அதுதான் முதலில் தீரும்.

பதிவு செய்யும்போது தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடமா, எந்த வசதியும் இல்லாமல் நடந்து போக வேண்டிய இடமா என்று பாருங்கள். ஒரு முகாம் இடத்துக்குப் பெரும்பாலும் எட்டுப் பேர்தான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். பல பார்க்குகளில் பத்து மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். வேலை முடித்துவிட்டு வெள்ளி இரவு தாமதமாக வருகிறவர்கள் வாசல் பூட்டின் எண்ணை முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரவில் சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ரக்கூன் கூலரைத் திறக்கும், ஜிப்பையும் இழுக்கும். எல்லாம் காருக்குள் போகட்டும், முறுக்கு டப்பா உட்பட.

நட்சத்திரம் பார்க்கத் தங்குவதானால் என்சான்டட் ராக், சவுத் லானோ ரிவர், காப்பர் பிரேக்ஸ், பிக் பெண்ட் ராஞ்ச் ஆகிய நான்கும் இருண்ட வானத்துக்காகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றவை. அமாவாசையை ஒட்டிய வார இறுதியாகப் பாருங்கள். வீட்டு நாட்காட்டியைக் கிழிக்கும்போதே தேதி தெரிந்துவிடும். அங்கிருந்து ஐந்து மாதம் பின்னால் எண்ணிப் பதிவு நாளைக் குறித்து வையுங்கள்.